குணமாலா கரைத்த ஆரத்தி

குணமாலா வீட்டுக்குள் யானை பிஸ்கட் வராது. யானை மட்டுமல்ல, மீன், கோழி, கரடி என்று எந்த உருவத்தில் இருந்தாலும் வாசலோடு சரி. ஒரு உருவத்தைப் பண்ணி, அதை உயிரென்று மனதில் வைத்து உடைத்தால், உடைந்தது வெறும் மாவாக இருந்தாலும் கொன்றது கொன்றதுதான் என்பது முசரவாக்கத்துத் தமிழ்ச் சமணர்களான நயினார் வீடுகளில் பாலோடு சேர்த்துப் புகட்டுகிற சங்கதி. மற்ற வீடுகளில் பிள்ளைகள் வளர்ந்ததும் அது கொஞ்சம் இளகிவிடும். குணமாலாவிடம் இளகவில்லை.

பக்கத்து வீட்டு சம்பூர்ணம் தன் பேரன் பிறந்தநாளுக்கு ஒருமுறை அப்படி ஒரு பாக்கெட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். சம்பூர்ணம் தறிக்கார வீட்டுப் பெண். பெரிய காஞ்சிபுரத்திலிருந்து வாழ வந்தவள்.

"தப்பா நினைக்காத சம்பூர்ணம். நீயே எடுத்துக்கினு போயிடு. கடிக்கும்போது மொதல்ல தலையைத்தானே கடிக்கிறோம்?" என்றாள் குணமாலா.

"சரிம்மா. இனிமே ரவுண்டு பிஸ்கட்டா வாங்கியாறேன். அதுக்குத் தலை எங்க, வாலு எங்கன்னு உனக்கே தெரியாது."

இரண்டு பேரும் சிரித்தார்கள். பாக்கெட் திரும்பிப் போனது.

தண்ணீரை வடிகட்டிக் குடிப்பது, பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிப்பது எல்லாம் அவளுக்கு மூச்சு விடுகிற மாதிரி. அதைப் பெருமையாக நினைத்ததே இல்லை. அவள் பெருமைப்பட்டது ஒரே ஒரு விஷயத்தில்தான். அது ஆரத்தி.

மஞ்சளும் சுண்ணாம்பும் யார் கரைத்தாலும் சிவக்கத்தான் செய்யும். ஆனால் ஒருத்தி கரைத்தால் செங்கல் தண்ணீர் மாதிரி இருக்கும், இன்னொருத்தி கரைத்தால் கறுத்துப் போகும். குணமாலா கரைத்தால்தான் பார்த்தவுடன் மனசு நிறைகிற சிவப்பு வரும். கிளிஞ்சல் சுண்ணாம்பை அவள் தொடமாட்டாள், அது ஒரு காலத்தில் உயிர் குடியிருந்த ஓடு என்று. கல் சுண்ணாம்புதான். சுற்றுப்பட்ட ஊர்களில் நயினார் வீட்டுக் கல்யாணமென்றால் பெண் வாசலில் வந்து நிற்கும்போது, "குணமாலா வந்தாச்சா?" என்று ஒரு குரல் கேட்கும். அந்தக் குரலுக்காகவே அவள் அடுப்படியில் கொஞ்சம் தாமதித்துவிட்டு வருவாள்.

புருஷன் பார்சுவநாதனுக்கு நிலமும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை வியாபாரமும். ஒரே மகள் நித்யா. ஏனாத்தூரில் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு, சென்னையில் அனிமேஷன் படிக்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். "படம் வரையறதுக்கு ஒரு படிப்பா?" என்று பார்சுவநாதன் ஒரு மாதம் பேசாமல் இருந்தார். குணமாலாதான் இடையில் நின்று அனுப்பிவைத்தாள்.

இரண்டாயிரத்து ஐந்தில் நித்யாவுக்குச் சென்னையிலேயே ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. வெளிநாட்டுக்காரர்கள் தயாரிக்கிற வீடியோ கேம்களுக்கு வேண்டிய சுவர், கதவு, பீப்பாய், மரம் எல்லாவற்றையும் இங்கே செய்து அனுப்புவார்கள். நித்யாவுக்குக் கல் நன்றாக வந்தது. மழை பட்ட கல், பாசி ஏறிய கல், ஆயிரம் பேர் மிதித்துத் தேய்ந்த படி. காஞ்சிபுரத்துப் பக்கம் பிறந்த பெண்ணுக்குக் கல்லை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ஜினாலயத்தில் யாராவது விசாரித்தால் குணமாலா, "கம்ப்யூட்டர்ல கோயில் கட்டிக்கினு இருக்குறா" என்பாள்.

அடுத்த வருஷம் ஒரு பெரிய கேம் வந்தது. வாள் சண்டை, கோட்டை, முற்றம். பார்ப்பவன் இது விளையாட்டு என்பதையே மறந்து சினிமா பார்க்கிற மாதிரி உட்காரவேண்டும் என்று அந்த வெளிநாட்டுக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். நித்யாவின் மேலதிகாரி உமாபதி அவள் மேஜைக்கு வந்தார்.

"கல்லு பண்றது நீதானே? கல்லு மேல ரத்தமும் நீயே பண்ணிடும்மா."

பண்ணினாள். ஜாம் மாதிரி இருக்கிறது என்று திரும்பி வந்தது. மறுபடி பண்ணினாள். இப்போது பெயிண்ட் என்றார்கள்.

"நீ நிஜத்துல பார்த்ததே இல்ல, அதான் பிரச்சனை" என்றார் உமாபதி. "காலையில கறிக்கடைக்குப் போய் நில்லு. வெட்டும்போது எப்படி ஓடுது, எப்படி உறையுதுன்னு வீடியோ எடுத்துக்கினு வா. நம்ம பசங்க எல்லாம் போயிட்டு வந்துட்டாங்க."

"சார், எனக்கு வேற ஏதாவது குடுங்களேன்."

"வேற என்னம்மா இருக்குது? எல்லாம் முடிஞ்சு போச்சு. ரத்தம்தான் பாக்கி."

நித்யா கறிக்கடை இருக்கிற தெருவின் முனைவரை போனாள். அங்கேயே நின்றுவிட்டுத் திரும்பினாள். அந்தச் சனிக்கிழமை ஊருக்கு வந்தவள் பொழுதோடு சாப்பிட்டுவிட்டுப் படுத்தாள். ஞாயிறு காலை, அலுவலகத்து கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

"அம்மா, கொஞ்சம் ஆரத்தி கரைச்சுக் குடேன்."

"இப்ப யாருக்கு ஆரத்தி?"

"வேலைக்கும்மா. துவைக்கிற கல்லு மேல ஊத்தி போட்டோ எடுக்கணும்."

"கல்யாண சீன் வருதா விளையாட்டுல?"

ஒரு நொடி யோசித்துவிட்டு நித்யா, "ஆமாம்மா" என்றாள்.

குணமாலா கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டு எழுந்தாள். மகளின் வேலைக்குத் தன் கை உதவும் என்று அவள் நினைத்ததே இல்லை. பெரிய தாம்பாளத்தில் கரைத்துக் கொண்டுவந்தாள். பின்கட்டில் கிடந்த துவைகல் வீடு கட்டும்போது வண்டியிலிருந்து இறக்குகையில் ஒரு மூலை உடைந்துபோன கல். உடைந்த இடத்திலிருந்து நடுவரைக்கும் ஒரு விரிசல். நித்யா ஊற்றினாள். ஆரத்தி விரிசல்வரை ஓடி, இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை மட்டும் நீண்டு மூலையில் போய்ச் சொட்டியது.

"தண்ணியா இருக்குதும்மா. இன்னும் கொஞ்சம் கெட்டியா வேணும்."

"கஞ்சித் தண்ணி இருக்குது, சேர்க்கட்டுமா?"

சேர்த்தாள். அது மெதுவாக நகர்ந்தது. விரிசலில் தயங்கி, நிறைந்து, பிறகு இறங்கியது. நித்யா குனிந்தும் படுத்தும் படம் எடுத்துக்கொண்டே இருந்தாள்.

"கழுவிடாத. வெயில்ல அப்படியே விடு" என்றாள் குணமாலா. "கொஞ்ச நேரத்துல ஓரம் மட்டும் கறுத்துக்கும், நடுவுல பளபளன்னு இருக்கும். நான் எத்தனை வாசல்ல பார்த்திருக்கேன்."

நித்யா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். "நல்ல ஐடியாம்மா" என்றாள். குரல் இறங்கியிருந்தது. களைப்பு என்று நினைத்த குணமாலா மோர் கலக்கப் போனாள்.

ஆரத்தியின் மஞ்சள் சாயலைக் கம்ப்யூட்டரில் எடுத்துவிட்டு நித்யா அனுப்பிய படத்தை வெளிநாட்டுக்காரர்கள் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டார்கள். கல் மேல் ரத்தம் ஓடுவதை யார் செய்தது என்று விசாரித்தார்களாம். உமாபதி எல்லோர் எதிரிலும் கை கொடுத்தார். "கறிக்கடைக்குப் போனது வீண்போகல பார்த்தியா" என்றார். நித்யா அவரைத் திருத்தவில்லை.

வீட்டில் பாயசம். "என் கையால கரைச்ச ஆரத்தி அமெரிக்காவுல விளையாட்டுல ஓடப்போவுது" என்று குணமாலா ஜினாலயத்தில் சொன்னாள், சம்பூர்ணத்திடம் சொன்னாள், காய்கறிக்காரியிடமும் சொன்னாள். நித்யா எதிரில் இருக்கும்போது சொன்னால், "விடும்மா" என்று உள்ளே போய்விடுவாள். அடக்கம் என்றே குணமாலா அதை எடுத்துக்கொண்டாள்.

இரண்டாயிரத்து எட்டில் நித்யாவைப் பெண் பார்க்க வந்தார்கள். வந்தவாசிப் பக்கத்து நயினார் குடும்பம். பையன் வர்த்தமான் சென்னையில் சாஃப்ட்வேர் வேலை. நல்ல பையன், கலகலப்பானவன். கேசரி சாப்பிட்டு முடிந்ததும் அவன் பையிலிருந்து லேப்டாப்பை எடுத்தான்.

"அத்தை, உங்க பொண்ணு செஞ்ச கேமை நீங்க பார்த்திருக்கவே மாட்டீங்க இல்ல? கடையில தேடிப் பிடிச்சு வாங்கினேன்."

"வேணாமே. இப்ப எதுக்கு?" என்றாள் நித்யா. பெண் பார்க்கும் இடத்தில் பெண் பேசிய முதல் வார்த்தை அதுதான். வெட்கம் என்று எல்லோரும் சிரித்தார்கள்.

பிரம்பு மோடாவின் மேல் லேப்டாப்பை வைத்தான். பெரியவர்கள் சூழ்ந்து நின்றார்கள். குணமாலாவை முன்னால் உட்காரவைத்தார்கள். திரையில் கோட்டை வந்தது. தீப்பந்தத்தின் வெளிச்சம் ஈரச்சுவரில் ஆடியது. "கல்லு எல்லாம் என் பொண்ணு" என்றாள் குணமாலா, பக்கத்திலிருந்த சம்பந்தியம்மாளிடம்.

முற்றத்தில் ஒருவன் எதிரே வந்தான். வர்த்தமான் ஏதோ பொத்தானை அழுத்த, அவன் சரிந்தான்.

"முன்னல்லாம் நாலு சிவப்புப் புள்ளி தெறிக்கும், அவ்ளோதான். இப்ப பாருங்க, எப்படி ஓடுதுன்னு. இது முழுக்க நித்யா பண்ணது."

விழுந்தவன் கழுத்தடியிலிருந்து அது மெதுவாக நகர்ந்து வந்தது. ஒரு இடத்தில் தயங்கி, நிறைந்து, இரண்டாகப் பிரிந்தது. ஒரு கிளை மட்டும் நீண்டது. ஓரம் கறுத்து, நடுவில் பளபளவென்று இருந்தது.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சோப்புத் தண்ணீர் அந்த வழியாக ஓடுவதைத்தான் குணமாலா பார்த்திருக்கிறாள். கோட்டைக்குள் அவள் துவைகல் இருந்தது.

பின்னால் நின்ற சம்பூர்ணம் எட்டிப் பார்த்துக் கேட்டாள்: "குணமாலாம்மா கரைச்ச ஆரத்தி எப்ப வரும் தம்பி?"

"ஆரத்தியா? இந்த கேம்ல அப்படி எதுவும் வராதே ஆன்ட்டி" என்ற வர்த்தமான் அடுத்தவனை வெட்டினான். அவன் ரத்தமும் அதே மாதிரி ஓடி, அதே இடத்தில் பிரிந்தது.

அவர்கள் வண்டி ஏறிப் போனபிறகு பின்கட்டில் நித்யாவே வந்து நின்றாள்.

"கறிக்கடைக்குப் போகச் சொன்னாங்கம்மா. நிஜமா வெட்டுறதை நின்னு பார்த்துப் படம் எடுக்கச் சொன்னாங்க. அதுக்குப் போவாம இருக்கத்தான் இதைப் பண்ணேன்."

"போயிருந்தா அந்தப் பாவம் உன்னோட போயிருக்கும்" என்றாள் குணமாலா. "என் கையால கரைக்க வச்சியே."

"மஞ்சளும் சுண்ணாம்பும்தானேம்மா. யார் செத்தா?"

"கஞ்சி ஊத்தச் சொன்னது யாரு? வெயில்ல வைக்கச் சொன்னது யாரு? நான்தான் பக்கத்துல நின்னு சொல்லிக் குடுத்தேன். வாசல்ல வந்து நிக்கிற பொண்ணுங்களுக்குச் சுத்தின கை இது."

"அப்ப நான் கறிக்கடைக்கே போயிருக்கணுமா? சொல்லும்மா."

போயிருக்கலாம் என்று குணமாலா ஒரு கணம் நினைத்துவிட்டாள். நினைத்ததை மகளும் முகத்தில் பார்த்துவிட்டாள்.

வேறு யாருக்கும் இது பெரிதாகப் படவில்லை. சம்பந்தியம்மாள் கம்ப்யூட்டர் பொம்மை என்று சிரித்துவிட்டுப் போயிருந்தாள். பார்சுவநாதன், "மல்லாட்டையில புழு இருந்தா நானும் மூட்டையைக் கட்டி விக்கத்தான் செய்யறேன். எல்லாத்தையும் பார்த்தா சோறு திங்க முடியாது" என்றார். சமண மடத்துக்குப் போய்ப் பிராயச்சித்தம் கேட்கலாம் என்று குணமாலா கிளம்பினாள். பஸ் நிறுத்தம்வரை போனாள். செத்தது யார் என்று கேட்டால் என்ன சொல்வது என்று தெரியாமல் திரும்பி வந்தாள். துவைகல்லைப் புரட்டிப் போடச் சொன்னாள். அடிப்பக்கம் கரடு, பார்சுவநாதனின் வேட்டிகள் இரண்டு கிழிந்தன. ஆரத்தி கரைக்க யாராவது கூப்பிட்டால் கை வலி என்றாள். கொஞ்ச நாளில் கூப்பிடுவதை விட்டார்கள்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. நித்யா வேலையை விடவில்லை. வர்த்தமானும் விடச் சொல்லவில்லை. மறுவீட்டுக்கு மாப்பிள்ளையும் பெண்ணும் முசரவாக்கம் வந்து வாசலில் நின்றபோது பழைய குரல் கேட்டது. "குணமாலா எங்க? சொந்தப் பொண்ணுக்குக் கூடவா கை வலி?"

அவள் தாம்பாளத்தோடு வெளியே வந்தாள். சுற்றத் தொடங்கியதும் முன்னால் நின்ற பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தாம்பாளத்தில் வெறும் மஞ்சள் தண்ணீர்.

"சுண்ணாம்பு போட மறந்துட்டியா குணமாலா?" என்றாள் சம்பூர்ணம், மெதுவாக.

"தீந்து போச்சு."

நித்யா தாம்பாளத்தைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். கழுத்து மாலையைப் பிடித்திருந்த விரல்கள் ஒரு பூவைக் கிள்ளி உதிர்த்தன.

"நல்ல நாளும் அதுவுமா மஞ்சத்தண்ணியைச் சுத்துவாங்களா?" என்று மாப்பிள்ளையின் பெரியம்மா முன்னால் வந்தாள். இடுப்பில் செருகியிருந்த வெற்றிலைப் பெட்டியைத் திறந்து, ஒரு விரல் சுண்ணாம்பை வழித்துத் தாம்பாளத்தில் விட்டுக் கலக்கினாள். "கிளிஞ்சல் சுண்ணாம்பு, பாரு, எப்படிப் பிடிக்குதுன்னு."

பிடித்தது. விரல் போன வழியெல்லாம் சிவந்து, பிறகு தட்டு முழுக்கச் சிவந்தது.

"இப்ப சுத்தும்மா" என்றாள் பெரியம்மா.

குணமாலா சுற்றினாள். சுற்றி முடித்து, வாசல் கல்லைத் தாண்டி மண்ணில் கொட்டினாள். மண் அதைச் சட்டென்று உறிஞ்சிக்கொண்டது. "வலது காலை எடுத்து வச்சு வா" என்று மகளிடம் சொன்னாள். அன்று முழுக்க அவளிடம் பேசிய வார்த்தை அது ஒன்றுதான்.