கோட்டுக்குள் போன எடை

செவஸ்தி இருபத்தேழு வருடங்களாகத் தீவின் விமான நிலையத்தில் வேலை பார்க்கிறாள். விமான நிலையம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு கூடம், ஒரு தராசு, பாதி நாள் வேலை செய்யாத காபி இயந்திரம், வேலிக்கு அப்பால் ஆடுகள். ஏதென்ஸிலிருந்து நாளுக்கு ஒரு விமானம் வரும், அரை மணியில் திரும்பிவிடும். சீட்டைப் பார்ப்பது, பெட்டியை எடை போடுவது, படிக்கட்டு வரை ஆட்களை நடத்திப் போவது, மொத்த எடையைக் காகிதத்தில் எழுதி விமானியிடம் கொடுப்பது எல்லாம் அவள்தான்.

பெட்டிக்குப் பதினைந்து கிலோதான் அனுமதி. அது எந்த மூலைக்கு? வீட்டுக்கு ஒரு பிள்ளையாவது ஏதென்ஸில் இருக்கிறது. அங்கே கடையில் விற்கும் பாலாடைக்கட்டியைத் தின்று பிள்ளை இளைத்துப்போகும் என்பதில் தீவில் யாருக்கும் சந்தேகமே கிடையாது. ஆகவே ஜூலை வெயிலிலும் கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டுதான் விமானம் ஏறுவார்கள். கோட்டின் உள்பக்கம் முழுக்கப் பைகள் தைத்திருக்கும். ஒவ்வொன்றிலும் பாலாடைக்கட்டி, தேன் புட்டி, உப்புக்கண்டம். பெட்டிக்குத்தான் தராசு, ஆளை நிறுப்பதில்லை; ஆளுக்கு இத்தனை கிலோ என்று சட்டமே ஓர் எண் வைத்திருக்கிறது.

வேர்த்து ஊற்ற நிற்கும் பெண்களைப் பார்த்து, "என்ன, குளிருதா?" என்பாள் செவஸ்தி.

"லேசா காய்ச்சல்" என்பார்கள்.

அவளும் கண்டும் காணாமல் சட்டத்தின் எண்ணையே எழுதிக் கொடுப்பாள். வடக்குக் காற்று எதிரே வந்து விமானத்தைத் தூக்கிவிடும் நாட்களில் இது யாருக்கும் உறைக்கவில்லை. அவளுக்கும் ஒரு மகள் அங்கே படித்துக்கொண்டிருந்தாளே.

மகள் அர்கிரோவுக்கு மருத்துவப் படிப்பு. தகப்பன் இல்லாத பெண். ஆறு வருடம் முடித்துப் பட்டம் வாங்கி, அரங்கில் கையுயர்த்தி உறுதிமொழி சொல்லும் நாள் ஒரு புதன்கிழமை, மாலை ஐந்து மணிக்கு. ஜூலையில் கூட்டம் அதிகம் என்று செவஸ்திக்கு ஒரே நாள்தான் விடுப்பு கிடைத்தது. ஊழியருக்கான இலவசச் சீட்டு வேறு. இடம் காலியாக இருந்தால்தான் ஏற முடியும். அன்று கடைசி இடம் காலியாக இருந்தது. வழக்கம்போல எடைக் காகிதத்தை எழுதிக் கொடுத்துவிட்டு, புது உடுப்பும் அதற்கு மேல் கோட்டுமாக அவள் ஏறி உட்கார்ந்தாள்.

அன்று பார்த்துத் தெற்குக் காற்று. தெற்கே மலை நிற்பதால் விமானம் எப்போதும் வடக்கே கடலைப் பார்த்துத்தான் எழும்ப முடியும். காற்று முதுகில் அடித்தால் ஓடுபாதை போதாது, சுமையைக் குறைக்க வேண்டும்.

கேப்டன் காகிதத்தோடு வந்து பணிப்பெண்ணிடம் சொன்னார்: "கணக்கு சரியா எல்லையில நிக்குது. இதுக்கு மேல ஒரு கிலோகூட ஆகாது. கதவைச் சாத்துங்க."

செவஸ்தி திரும்பிப் பார்த்தாள். முப்பது கோட்டுகளாவது இருந்தன. பேசாமல் இருந்தால் ஐந்து மணிக்கு அரங்கில் இருக்கலாம். கணக்கில் கோட்டுகள் சேரவில்லை என்பது அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. இருக்கைப் பட்டையை மாட்டினாள். பிறகு அதைக் கழற்றிவிட்டு எழுந்தாள்.

"கேப்டன், அந்தக் கணக்கு தப்பு."

கோட்டு விஷயத்தை அவள் சொல்லச் சொல்ல அவர் கேட்டார். முகம் சிவந்தது. "எவ்வளவு கூட இருக்கும்?"

"எழுபது கிலோ. கொஞ்சம் கூடவே இருக்கலாம்."

"பத்து நிமிஷம் தர்றேன். பொருள் இறங்கணும், இல்லன்னா ஒரு ஆள் இறங்கணும். இலவசச் சீட்டு யாருதுன்னு உங்களுக்கே தெரியும்."

செவஸ்தி நடைவழியில் நின்று எல்லோரையும் பார்த்தாள். "கேட்டீங்கல்ல? கோட்டுல இருக்கிறத எடுத்துக் கொடுங்க. பத்திரமா வெச்சு நாளைக்கு அனுப்புறேன்."

"முதல்ல உன் கோட்டுல இருக்கிறத எடுடி" என்றாள் பக்கத்து வீட்டுக் கலிரோயி.

நியாயம்தான். செவஸ்தி ஆறு பாலாடைக்கட்டிகளை எடுத்துத் தரையில் வைத்தாள். பின்வரிசையிலிருந்து இருவர் ஆளுக்கொன்று நீட்டினார்கள். மற்றவர்கள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

"என் பேரனுக்குப் பரீட்சை நேரம்" என்று கலிரோயி கோட்டை இறுக்கிக்கொண்டாள். "உனக்கென்ன கண்ணு, ஏர்போர்ட்காரி. நாளைக்குப் போயேன்."

"விழா இன்னிக்கு சாயங்காலம், அக்கா."

"போன்ல பாத்துக்கோ. இப்பதான் எல்லாமே அதுல வருதே."

பத்து நிமிடம் ஆனது. செவஸ்தி இறங்கினாள். படிக்கட்டை அவளே தள்ளிவிட வேண்டியிருந்தது. விமானம் ஓடுபாதையின் கடைசிக் கோடு வரை ஓடி, கடல்மேல் தாழ்ந்து, மெல்ல ஏறியது. அது போதிய உயரம் போகும் வரை அவள் படிக்கட்டைப் பிடித்தபடியே நின்றாள்.

மாலையில், ஆளில்லாத கூடத்தில் உட்கார்ந்து போனில் விழாவைப் பார்த்தாள். நூற்றிருபது பேர் கருப்பு அங்கியில் நின்றார்கள். அதில் தன் மகள் யார் என்று தெரியவில்லை. வாய்விட்டு அழுதாள். எட்டு மணிக்குக் கலிரோயி ஏதென்ஸிலிருந்து கூப்பிட்டாள். பாலாடைக்கட்டி உடையாமல் வந்து சேர்ந்ததாம், பேரன் பாதியைக் காலி செய்துவிட்டானாம்.

மறுநாள் காலை செவஸ்தி தராசைக் கூடத்தின் நடுவுக்கு இழுத்துப் போட்டாள். முதலில் வந்தவள் அவளுடைய சொந்தத் தங்கை கத்திங்கோ. பல் வைத்தியரைப் பார்க்க ஏதென்ஸ் போகிறாள். மேலே கோட்டு.

"ஏறு" என்றாள் செவஸ்தி.

"நானா? பெட்டியத்தானே நிறுப்ப?"

"நீயும்தான். கோட்டோட ஏறு."

கத்திங்கோ அக்காவின் காதருகே குனிந்தாள். "அக்கா, இது எல்லாம் உன் மகளுக்குத்தான். டாக்டராயிட்டா, வெறுங்கையோட போய்ப் பாக்கச் சொல்றியா?"

"தெரியும்" என்றாள் செவஸ்தி. "எடுத்து மேசைமேல வை."