நீலமணி உட்கார்ந்திருந்த இடம்

ஆரோக்கியதாஸ் போட்டோவுக்கு வர்ணம் பூசுகிறவர். திண்டுக்கல் கடைவீதியில் ஒரு ஸ்டூடியோவின் பின்னறையில் உட்கார்ந்து, கறுப்பு வெள்ளைப் படங்களில் கன்னத்துக்கு ரோஸும், சேலைக்குப் பச்சையும், சங்கிலிக்கு மஞ்சளும் போட்டுக்கொண்டிருந்தார். கல்யாணம் ஆகவில்லை. அதிகம் பேசமாட்டார். பேச்செல்லாம் வியாழக்கிழமைக்குத்தான்.

வியாழக்கிழமை காலையில் மதராஸிலிருந்து ஒரு வாரப் பத்திரிகை வரும். ரஷ்யாக்காரன் வானத்தில் உருண்டையைச் சுற்றவிட்டதற்கு மறுவருஷம், ஐம்பத்தெட்டில், அதில் ‘செவ்வாய்த் தோணி’ என்று ஒரு தொடர்கதை ஆரம்பித்தது. ஏழு பேர் ஒரு தோணியில் செவ்வாய்க் கிரகத்துக்குப் போகிறார்கள். அதில் நீலமணி என்ற பெண் ரேடியோப் பெட்டியைக் கவனித்துக்கொள்கிறவள். எழுதியவர் யாரென்று யாருக்கும் தெரியாது, புனைபெயர்தான் போட்டிருந்தது.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பத்திரிகைக் கடை வைத்திருந்த பீர் முகமது இதழ்க் கட்டைப் பிரிக்கும் முன்பே நாலைந்து பேர் வந்து நிற்பார்கள். ஆரோக்கியதாஸ் அதில் ஒருவர். பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்திய சகாயசெல்வி டீச்சர் இன்னொருவர். ஆரோக்கியதாஸின் கதையை எனக்குச் சொன்னவரும் அவர்தான். டீச்சர் வாராவாரம் அந்தப் பக்கங்களைக் கிழித்துத் தைத்து வைப்பார். ஆரோக்கியதாஸ் கதையில் வந்த காட்சியைப் போஸ்ட்கார்டில் வரைந்து கொண்டுவருவார். பீர் முகமது அதைக் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிடுவார். பத்திரிகையில் வந்த படத்தைவிட இவர் வரைந்த நீலமணிதான் நீலமணி என்று ஊரில் பேச்சு. கண்ணுக்காகத்தான் அப்படிச் சொன்னார்கள். கோபமும் பயமும் சேர்ந்த பெரிய கண்கள். சின்னாளப்பட்டியிலிருந்து சைக்கிள் மிதித்து வந்து அந்தப் போஸ்ட்கார்டைக் கேட்டு வாங்கிப்போனவர்கள் உண்டு.

அறுபதாம் வருஷம் பத்திரிகை நின்றுபோயிற்று. கடைசியாக வந்த இதழில் ரேடியோக் கம்பியைச் சரிபார்க்க நீலமணி தோணிக்கு வெளியே இறங்குகிறாள். இடுப்பில் கட்டியிருந்த கயிறு அறுகிறது. ‘தொடரும்’ என்று போட்டிருந்தது. அதோடு சரி. டீச்சர் மூன்று கடிதம் எழுதினார், பதில் இல்லை.

“அப்ப அந்தப் புள்ள அங்கனயே மெதந்துக்கிட்டு இருக்குமா?” என்று பீர் முகமது கேட்டாராம். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

அந்த வருஷக் கடைசியில் ஆரோக்கியதாஸ் ஸ்டூடியோ வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக ஒரு அறை பிடித்தார். பழைய மரக் கேமரா ஒன்றை வாங்கிப்போட்டார். மற்ற ஸ்டூடியோக்களில் மாளிகையும் மலையும் வரைந்த படுதா தொங்கும். இவர் படுதாவில் கருநீல வானம், சிவப்பாக ஒரு கிரகம், தோணிக்குள் ஆறு பேர். ஏழாவது இடத்தில் ஆள் இல்லை. அந்த இடத்துக்கு முன்னால் நிஜ பெஞ்சு ஒன்றைப் போட்டு, பலகையில் தோணியின் பக்கவாட்டை அறுத்து நிறுத்தியிருந்தார். பெஞ்சில் உட்கார்ந்தால் தோணியில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். கதை படித்தவர்களும் படிக்காதவர்களும் வந்தார்கள். புதுமாப்பிள்ளைகள் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு செவ்வாய்க்குப் போனார்கள்.

அறுபத்தொன்று ஆவணியில் ஆத்தூரிலிருந்து முத்துப்பேச்சி என்றொரு பூக்காட்டுக்காரி வந்தாள். முந்தானைக்குள்ளிருந்து ஒரு பள்ளிக்கூடக் குரூப் போட்டோவை எடுத்து நீட்டினாள்.

“மூணாவது வரிசையில, தூண் ஓரமா நிக்கிறா பாருங்க தம்பி. எம்மக பொன்னழகு. வைகாசியில வாந்திபேதியில போயிட்டா. பதினோரு வயசு.”

முகம் பாசிப்பயறு அளவுதான் இருந்தது.

“பூக் கட்டும்போது அந்தத் தோணிக் கதையை அவதான் எனக்கு வாசிச்சுக் காட்டுவா. நான் பெருசானா அதுல போவேன்னு சொல்லிக்கிட்டே இருப்பா. அதுல ஏத்தி வச்சு ஒரு படம் பண்ணித் தாங்க.”

அவர் அந்த முகத்தைப் பெரிதாக்கி எடுத்தபோதுதான் தெரிந்தது, படம் எடுத்த நொடியில் அந்தப் பிள்ளை கண்ணை மூடியிருக்கிறது.

அடுத்த தடவை வந்த முத்துப்பேச்சி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். “சாகும்போதும் மூடித்தான் இருந்தா. திறந்து வையி அப்பு.”

காலிப் பெஞ்சோடு தோணியைப் படம் எடுத்து, பெஞ்சு இருந்த இடத்தில் அந்தப் பிள்ளையை வெட்டி ஒட்டி, விளிம்பு தெரியாமல் வர்ணம் போட்டார். கண் மட்டும் பாக்கி. அவர் பார்க்காத கண். கையில் பழகியிருந்தது ஒரு ஜோடிக் கண்கள்தான். அதையே போட்டார்.

முத்துப்பேச்சி படத்தை வாங்கி வெளிச்சத்துக்குத் திருப்பினாள். “அவதான்,” என்றாள். “என்னையப் பாக்குறா.” படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்தப் படத்தை ஆத்தூரில் பார்த்தவர்கள் வர ஆரம்பித்தார்கள். தாலி கட்டி ஒரு மாசத்தில் போன மருமகள், கிணற்றில் விழுந்த தம்பி, மலைக் காய்ச்சலில் போன தகப்பன். கதையைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்களும் வந்து, “அந்தத் தோணியில வச்சுக் குடுங்க,” என்றார்கள். இறந்தவர்களை ஏற்றுகிற தோணி என்று பெயர் பரவியதும், புதுமாப்பிள்ளைகள் வருவது நின்றது.

“உங்க தோணியில உசிரோட யாரும் ஏற மாட்டேங்குறாங்களே தாஸு,” என்றார் பீர் முகமது. விளையாட்டாகத்தான் சொன்னார். ஆரோக்கியதாஸ் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

அந்தக் கேமராவில் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்க்க வேண்டும். பின்னால் உள்ள மங்கல் கண்ணாடியில் எதிரே இருப்பது தலைகீழாகத் தெரியும். கார்த்திகை மாசம் ஒரு மத்தியானம், காலிப் பெஞ்சோடு தோணியைப் படம் எடுக்கத் துணிக்குள் குனிந்தார். கண்ணாடியில் தோணி தலைகீழாகத் தொங்கியது. பெஞ்சில் ஒரு சிறுமி உட்கார்ந்திருந்தாள். குரூப் போட்டோவில் இருந்த அதே ரெட்டைச் சடை. கண் மூடியிருந்தது.

துணியை விலக்கிப் பார்த்தார். பெஞ்சு காலி. வெளியே ஜட்கா வண்டிக்காரன் யாரையோ ஏசிக்கொண்டிருந்தான். திரும்பவும் குனிந்தார். இருந்தாள்.

பயந்து ஓடவில்லை. அப்படியே படம் எடுத்தார். கழுவிப் பார்த்தால் பெஞ்சு மட்டும்தான் விழுந்திருந்தது. பிறகு தினமும் மத்தியானம் ஆள் இல்லாத நேரத்தில் துணிக்குள் போனார். சில நாள் இருப்பாள், சில நாள் இல்லை. இருந்த நாளிலெல்லாம் கண் மூடியே இருந்தது. ‘எனக்கு யாருடைய கண்ணை வைத்தாய்’ என்று கேட்பது போல அவருக்கு இருந்ததாம். அவள் வாய் திறக்கவே இல்லை.

பத்திரிகை நின்ற பிறகும் பீர் முகமது கடையில் நடந்த வியாழக்கிழமைப் பேச்சுக்கு ஒரு மாசமாக வராதவரைத் தேடி சகாயசெல்வி டீச்சர் போனார். கதவு திறந்திருந்தது. ஆரோக்கியதாஸ் கறுப்புத் துணிக்குள் நின்றுகொண்டிருந்தார். கூப்பிட்டும் அசையவில்லை. தோளைத் தொட்ட பிறகுதான் வெளியே வந்தார். முகம் வேர்வையில் நனைந்திருந்தது. எல்லாவற்றையும் டீச்சரிடம் சொன்னார்.

“நீங்க ஒருக்கா பாருங்க டீச்சர்.”

டீச்சர் குனிந்து பார்த்தார். “பெஞ்சுதான் தெரியுது தாஸ். நாலு மாசமா செத்தவங்க மொகத்தையே பாத்துக்கிட்டு இருக்கீங்க. கண்ணுல ஒட்டிக்கிட்டு வருது. வெளிய வாங்க.”

“எல்லாரும் ஒட்டலையே. அவ மட்டும் ஏன்?”



தை பிறந்து ஒரு வாரம் கழித்து முத்துப்பேச்சி மறுபடி வந்தாள். ஆளே பாதியாகியிருந்தாள். டீச்சர் அப்போது அங்கே இருந்தார். துணியில் சுற்றிய படத்தை மேஜைமேல் வைத்தாள்.

“பக்கத்துல என்னையும் வச்சுக் குடு அப்பு.”

“நீங்க நல்லா இருக்கீங்களே அக்கா. எதுக்கு?”

“எங்க நல்லா இருக்கேன். சோறு எறங்கல. அவ ராவும் பகலும் பாத்துக்கிட்டே இருக்கா. கூப்பிடுற மாதிரி இருக்கு. போயிட்டா ஆச்சு.”

ஆரோக்கியதாஸ் படத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “அது அவ பாக்கலக்கா,” என்றார். “அந்தக் கண்ணு உங்க பிள்ளை கண்ணு இல்ல. கதைப் பொண்ணோட கண்ணு. எனக்கு வரையத் தெரிஞ்சது அது ஒண்ணுதான். உங்ககிட்டச் சொல்லாம வச்சுட்டேன். என்னைய மன்னிச்சிருங்க.”

முத்துப்பேச்சி அடிப்பாள் என்று டீச்சர் நினைத்தாராம். அவள் அடிக்கவில்லை.

“தெரியும் அப்பு. பெத்தவளுக்குத் தெரியாதா? அவளுக்குச் சின்னக் கண்ணு, எலிக்குஞ்சு மாதிரி. முதல் நாளே தெரியும்.”

“தெரிஞ்சுமா அவதான்னு சொன்னீங்க?”

“யாராச்சும் என்னைய அப்பிடிப் பாத்தாத் தேவலன்னு இருந்துச்சு.”

ஆரோக்கியதாஸ் படத்திலிருந்த கண்ணைக் காட்டிக் கேட்டார். “மூடி வைக்கவா?”

அவள் சரியென்று தலையை ஆட்டினாள். ஆட்டிவிட்டு, “வேணாம், வேணாம்,” என்று படத்தைப் பிடுங்கினாள். அப்புறம் அவளே திரும்ப மேஜையில் வைத்தாள். “மூடு. நான் பாத்துக்கிட்டு இருக்கேன்.”

அவர் ஈரப் பஞ்சால் பழைய வர்ணத்தை எடுத்தார். அடியிலிருந்த நிஜ இமைகள் வெளியே வந்தன. புதிதாக எதையும் வரைய வேண்டியிருக்கவில்லை. ஓரத்தில் படிந்திருந்த கறையை மட்டும் துடைத்தார். இரண்டாவது கண் வெளிப்பட்டபோது முத்துப்பேச்சி தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். மகள் போன அன்றைக்குக்கூடத் தான் அழவில்லை என்று பிறகு டீச்சரிடம் சொன்னாள். டீச்சர் ஓட்டலில் இட்லி வாங்கிவரச் செய்தார். இரண்டு தின்றாள். டீச்சரே பஸ்ஸில் ஆத்தூர் வரைக்கும் கொண்டுபோய் விட்டுவந்தார்.

மறுநாள் மத்தியானம் ஆரோக்கியதாஸ் துணிக்குள் பார்த்தார். பெஞ்சுதான் இருந்தது. அதற்கடுத்த நாளும் பெஞ்சுதான். நிம்மதியாக இருந்ததா என்று டீச்சர் கேட்டதற்கு, “இல்ல டீச்சர், வீடு காலியான மாதிரி இருக்கு,” என்றாராம். பங்குனிவரை அவர் குனிந்து பார்ப்பதை விடவில்லை. இறந்தவர் படங்களை மட்டும் அன்றோடு நிறுத்திவிட்டார். வத்தலக்குண்டுக்காரர் ஒருவர் தன் தகப்பனை ஏற்றித் தரச் சொல்லி வாசலில் நின்று சண்டை போட்டார். ஏற்கெனவே வாங்கிப்போனவர்களிடம் ஆரோக்கியதாஸே போய், அந்தக் கண்ணெல்லாம் நீலமணியுடையது என்ற உண்மையைச் சொன்னார். ஒருவரும் படத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

அந்தக் கோடை விடுமுறையில்தான் டீச்சரும் அவரும் சேர்ந்து செவ்வாய்த் தோணியை முடித்தார்கள். டீச்சர் எழுத, அவர் படம் போட்டார். மொத்தம் ஒன்பது அத்தியாயம். கையால் எழுதிப் பதினோரு பிரதி. பீர் முகமது அட்டை போட்டுக் கடையில் வைத்தார். வாங்கிப்போகிறவர்கள் படித்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். மழைக்காலத்துக்குள் திண்டுக்கல்லிலும் சின்னாளப்பட்டியிலும் அது கைமாறிக் கைமாறிப் போய், ஓரமெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிவிட்டது. அதில் ஒரு பிரதியை நான் பார்த்திருக்கிறேன். நீலமணி பிழைக்கவில்லை. ஆனால் அவளுடைய ரேடியோக் குரல் தோணியைக் கரைசேர்க்கிறது.

ஒரு பிரதி ஆத்தூருக்கும் போனது. ஐப்பசியில் முத்துப்பேச்சி மல்லிகைக் கூடையைச் சந்தையில் இறக்கிவிட்டு நேராக ஸ்டூடியோவுக்கு வந்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள்.

“பக்கத்து வீட்டு ராமுத்தாய் வாசிச்சுச் சொன்னா,” என்றாள். “ஏழாவது அத்தியாயத்துல தப்புப் பண்ணிட்டீங்க. அந்தக் கேப்டன் அவள அங்கனயே விட்டுட்டுத் தோணியைத் திருப்பச் சொன்னதும் நீலமணி சரின்னுட்டாளாம்ல? அவ கோவக்காரி. அம்புட்டு லேசுல சரின்னு சொல்ல மாட்டா. டீச்சர்கிட்டச் சொல்லுங்க.”

ஆரோக்கியதாஸ் போய்ச் சொன்னார். டீச்சர் அந்த அத்தியாயத்தைப் படித்துப் பார்த்தார், முகத்தைச் சுளித்தார், பதினோரு பிரதியையும் திரும்ப வாங்கி, எல்லாவற்றிலும் நாலு பக்கத்தைக் கிழித்துவிட்டு மறுபடி எழுத உட்கார்ந்தார்.