ஒரு சொல்லையும் விழுங்காதவர்

மோதிரத்தைக் கழற்றிக் கைப்பையின் உள்ளறையில் போட்டு, வளையல்களையும் உருவியெடுத்த பிறகு, சைகை மேடம் பேருந்தின் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து விரல்களை மடக்கி நீட்டுகிறார். மணிக்கட்டைச் சுழற்றுகிறார். பக்கத்து இருக்கைக்காரர் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுக் கொஞ்சம் நகர்ந்துகொள்கிறார். "நல்லதாப் போச்சு, கை நீட்ட இடம் கிடைச்சுது" என்பார் மேடம்.

பல்கலைக்கழகத்தில் காது கேளாத மாணவர்களுக்கு அவர்தான் சைகைமொழி பெயர்ப்பாளர். பேராசிரியர் வாயால் சொல்வதைக் கையால் சொல்வார். மாணவர் கையால் சொல்வதை வாயால் சொல்வார். வெயிலோ மழையோ, கறுப்பு முழுக்கைச் சட்டைதான். பூப்போட்ட துணிக்கு முன்னால் கை ஆடினால் பார்க்கிறவர்களுக்குக் கண் வலிக்குமாம். "தினமும் துக்கம் கேக்கப் போறவ மாதிரியே கிளம்புறாளே" என்று மாமியார் அலுத்துக்கொள்வதுண்டு.

இந்தத் தொழிலில், யாருக்காகப் பேசினாலும் "நான்" என்றுதான் பேச வேண்டும். ஒரு நாள் வகுப்புக்குத் தாமதமாக வந்த மாணவன் கையால் சொன்னதை, "சார், நான் நல்லாத் தூங்கிட்டேன், மன்னிச்சிடுங்க" என்று மேடம் வாயால் சொல்ல, புதிதாக வந்த பேராசிரியர், "உங்க வயசுக்கு இது நல்லாவா இருக்கு?" என்று அவரையே கடிந்துகொண்டார். அந்தக் கதை கேண்டீன் வரை பிரசித்தம். வீட்டிலும் இதே பாடுதான். "எனக்குத் தலை வலிக்குது" என்றால், கணவர் "உனக்கா, வேற யாருக்காவதா?" என்று கேட்டுவிட்டுத்தான் மாத்திரை தேடுவார்.

காதில் விழுந்த எதையும் விழுங்கக் கூடாது என்பதிலும் மேடம் கறார். கதவு படாரென்று சாத்திக்கொண்டாலும், யாருடைய செல்போனோ அலறினாலும் அவர் கைகள் சொல்லிவிடும். "நம்ம காதுல என்னெல்லாம் விழுதோ அவ்வளவும் அவங்களுக்குப் போய்ச் சேரணும். வடிகட்ட நான் யாரு?"

சம வாய்ப்பைப் பற்றி அங்கே பேச்சுக்குப் பஞ்சமில்லை. 'எல்லோருக்கும் இடம்' என்று சுவருக்குச் சுவர் எழுதி வைத்திருக்கிறார்கள். சம வாய்ப்பு அலுவலகமே லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் இரண்டாம் மாடியில்தான் வெகுகாலம் இருந்தது. சக்கர நாற்காலியில் வருகிறவர்கள் கீழேயிருந்து போன் செய்ய வேண்டும். மாணவர்கள் மல்லுக்கட்டித்தான் அதைத் தரைத்தளத்துக்கு இறக்கினார்கள். ஆனாலும், காது கேளாத ஒருவர் இங்கே படிக்கலாம், பாடம் மட்டும் நடத்த முடியாது என்பது யாரும் எழுதி வைக்காத சட்டமாகவே இருந்தது.

அதை அசைத்தவள், முதலாம் ஆண்டிலிருந்தே மேடத்தின் கைகளைப் பார்த்துப் படித்து, புள்ளியியலில் முனைவர் பட்டம் வரை போன பெண். அதே துறையில் விரிவுரையாளர் வேலைக்கு விண்ணப்பித்தாள். நேர்காணலில் கேட்டதற்கெல்லாம் மணிமணியாகப் பதில் சொன்னாள். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது, குழுவின் மூத்த உறுப்பினர் பக்கத்திலிருந்தவரிடம் சாய்ந்து, "பின் பெஞ்சுல பசங்க அரட்டை அடிச்சா இதுக்கு எங்க தெரியப்போகுது?" என்றார். தாழ்ந்த குரல்தான். மேடத்தின் காதில் விழுந்துவிட்டது.

 சொன்னால் பெண் மனம் உடைந்து தடுமாறுவாளோ, கைக்கெட்டிய வேலை போய்விடுமோ என்று மேடத்துக்குப் பயம். விழுங்கிவிட்டால் யாருக்கும் தெரியாது. "ஆனா அவளைப் பத்தி அவ முன்னாடியே பேசுறாங்க. அது அவளுக்குத் தெரிய வேண்டாமா?" என்று இன்றைக்கும் கேட்பார். அந்த இளக்காரம் உட்பட அப்படியே கைகளால் சொல்லிவிட்டார்.

பெண் சிரித்தாள். அவள் கைகள் எழுந்தன, மேடம் குரல் கொடுத்தார்: "சார், நீங்க பக்கத்துல சாய்ஞ்சு மெதுவாச் சொன்னதே எனக்கு வந்து சேர்ந்துடுச்சு. பின் பெஞ்சு என்ன பெரிய தூரமா?"

 குழுவுக்குத் தலைமை வகித்த துணைவேந்தர் வாய்விட்டுச் சிரித்தார். மூத்தவர் ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு, இம்முறை பெண்ணின் முகத்தைப் பார்த்தே, "மன்னிச்சுக்கோம்மா. உன்னையே கேட்டிருக்கணும்" என்றார். அந்த வாரமே ஆணை வந்தது. "எனக்கு வேலை கிடைச்சிடுச்சு!" என்று கூவிக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்த மேடத்திடம் கணவர் வழக்கமான கேள்வியைக் கேட்க, "ரெண்டு பேருக்கும்னே வெச்சுக்குங்க" என்றார். பெருமை பிடிபடவில்லை அவருக்கு.

முதல் வகுப்பு. புது ஆசிரியை பலகை முன்னால் நின்று கைகளால் பாடம் நடத்த, மேடம் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். மாணவர்களோ குரல் வந்த பக்கமே பார்த்தார்கள். சந்தேகத்தையும் மேடத்திடமே கேட்டார்கள். நடத்துகிறவள் பக்கம் ஒரு முகமும் திரும்பவில்லை. அவள் கைகள் தயங்கி, பாதியில் நின்றன.

மேடம் எழுந்தார். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நடுவழியாக நடந்து, கடைசி வரிசைக்கும் பின்னால், ஆசிரியையின் பார்வைக்கு நேர் எதிரே சுவரோரமாகப் போட்டு உட்கார்ந்தார். வகுப்பே கழுத்தைத் திருப்பி அவரைப் பார்த்தது. அவர் உள்ளங்கையை விரித்து, முன்னால் நிற்கிறவளைக் காட்டினார்.