அத்தையைப் பெண் பார்த்த லாட்ஜ்

எங்கள் அத்தை உயரம். தன் அண்ணனை, அதாவது என் அப்பாவைவிட நாலு விரற்கடை அதிகம். வேறு குறை எதுவும் அவளிடம் யாரும் சொன்னது கிடையாது. ஆனால் அந்த ஒன்றைச் சொல்லியே நாலு வீட்டார் வந்து, கேசரியும் பஜ்ஜியும் சாப்பிட்டுவிட்டு, ஊருக்குப் போய்க் கடுதாசி போடுகிறோம் என்று எழுந்து போயிருந்தார்கள். ஒருவரும் போடவில்லை.

நாலாவது தடவைக்குப் பிறகு அப்பாவுக்குத் தெருவில் நடக்கவே கூச்சமாகிவிட்டது. செங்கல்பட்டில் நாங்கள் இருந்தது நெருக்கமான தெரு. எங்கள் வீட்டில் வாணலி காய்ந்தால் எதிர்வீட்டுக்குத் தெரியும். ஆகவே ஐந்தாவதாகப் படாளத்திலிருந்து ஒரு வரன் தகைந்தபோது, பெண் பார்ப்பதை வீட்டில் வைப்பதில்லை என்று அப்பா முடிவெடுத்தார். மகாபலிபுரத்துக் கடற்கரைக் கோயிலில், ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, இரண்டு குடும்பமும் தற்செயலாகச் சந்தித்துக்கொள்ள வேண்டும். அந்தத் தற்செயலுக்குத் தரகர் மூலமாக ஒரு மாதம் ஏற்பாடு நடந்தது. ஜாதகம் மட்டும்தான் கைமாறியது. போட்டோ கொடுத்த இடம் எதுவும் விளங்கவில்லை என்று அப்பா இந்த முறை போட்டோகூடக் கொடுக்கவில்லை.

ஞாயிறு காலை பஸ்ஸில் போனால் புடவை கசங்கும், முகம் வாடும் என்று அம்மா சொன்னதால், நாங்கள் வெள்ளிக்கிழமை சாயங்காலமே கிளம்பிவிட்டோம். எழுபதுகளின் நடுவில் ஓர் ஐப்பசி அது. எனக்கு ஒன்பது வயது. திருக்கழுக்குன்றம் தாண்டியதும் பிடித்துக்கொண்ட மழை எங்களோடேயே கடற்கரை வரைக்கும் வந்தது.

லாட்ஜ் என்றால் மாடி மேல் மாடியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன். அது ஒரு வீடு. தெருவைப் பார்த்த இரண்டு அறைகளில் வீட்டுக்காரர்கள் குடியிருந்தார்கள். பின்னால் கிணற்றைச் சுற்றி நாலு அறை, மரப்படி ஏறிப் போனால் மேலே இரண்டு. லாட்ஜ் அவ்வளவுதான். குழந்தைகள் இல்லாத ஒரு கணவனும் மனைவியும் அதை நடத்தினார்கள். வீட்டுக்காரர் சமையல் செய்தார். அந்த அம்மாள் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து ரிஜிஸ்டரைப் பார்த்துக்கொண்டார். எங்கள் வீட்டில் அப்பா தண்ணீர்கூடத் தானாக மொண்டு குடித்து நான் கண்டதில்லை. இங்கே ஓர் ஆண்பிள்ளை வெங்காயம் உரித்துக்கொண்டே, "அந்த வெள்ளக்காரங்களுக்கு டீ போடட்டா?" என்று பெண்டாட்டியிடம் உத்தரவு கேட்டார். நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

லாட்ஜ் அம்மா என்றுதான் அவரைக் கூப்பிட்டோம். கண்டாங்கிச் சேலைக்கு மேல் வீட்டுக்காரரின் முழுக்கைச் சட்டையைப் போட்டிருந்தார். ஒவ்வொரு சாவியிலும் ஒரு கொட்டாங்கச்சியைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். யாரும் மறந்துபோய்ப் பையில் போட்டுக்கொண்டு போக முடியாது. அங்கே தங்கியிருந்த வெள்ளைக்கார ஜோடியிடம் அவர் பேசியது சுத்தமான மகாபலிபுரத்துத் தமிழ். கொஞ்சம் சத்தமாகப் பேசுவார், அவ்வளவுதான். அவர்களும் தலையை ஆட்டிக்கொண்டு, அவர் சொன்னபடி செருப்பை வெளியே விட்டார்கள், ஈரத்துணியைக் கொடியில் போட்டார்கள். பெரியவளானதும் லாட்ஜ் அம்மாவாக ஆவது என்று அன்றைக்கே தீர்மானம் செய்துகொண்டேன்.

ரிஜிஸ்டரில் பெயர், ஊர், வந்த காரியம் என்று மூன்று பத்தி இருந்தது. வந்த காரியத்தில் அப்பா, 'ஸ்தல தரிசனம்' என்று எழுதினார்.

மழையில் நனைந்தது அப்பாவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. விடிந்தபோது ஜுரம். கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு படுத்துவிட்டார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து நெற்றிக்குப் பற்றுப் போட்டாள். கரண்டும் போய்விட்டது. கடல் போடுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்கவில்லை.

அந்த மழையில்தான் மேல் அறைக்கு ஒரு குடும்பம் வந்தது. வயதான தம்பதியும் ஒரு மகனும். அவர்கள்தான் படாளத்துக்காரர்கள். பஸ் நின்றுவிடுமோ என்று பயந்து ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டார்கள். அந்தப் பெரியவர் சூதுவாது தெரியாதவர். வந்த காரியம் என்ற பத்தியில், 'பெண் பார்க்க' என்று எழுதிவிட்டார். எந்த ஊர்ப் பெண் என்று லாட்ஜ் அம்மா கேட்டதற்கு, செங்கல்பட்டு, நாளைக்குப் பத்து மணிக்குக் கோயிலில், என்று எல்லாவற்றையும் சொல்லியும்விட்டார். முந்தின நாள்தான் என் அப்பா, கோயிலில் நாலு பேர் உட்கார்ந்து பேச எந்தப் பக்கம் தோதாக இருக்கும் என்று அந்த அம்மாளிடமே விசாரித்திருந்தார். லாட்ஜ் அம்மாவுக்குக் கணக்குப் போட வேறென்ன வேண்டும்?

இதெல்லாம் அத்தை பல வருஷம் கழித்து எனக்குச் சொன்னது. அன்றைக்கு நான் பார்த்தது இவ்வளவுதான்: லாட்ஜ் அம்மா எங்கள் அறை வாசலில் வந்து நின்று, வேலைக்காரப் பெண் மழையில் வரவில்லை, உன் நாத்தனாரைக் கொஞ்ச நேரம் ஒத்தாசைக்கு அனுப்பு என்று அம்மாவைக் கேட்டார். அம்மாவுக்கு மறுக்கத் தெரியவில்லை. நானும் அத்தையோடு தொற்றிக்கொண்டு போனேன். கிணற்றடியில் என்னை வாளி எடுத்துவர அனுப்பிவிட்டு லாட்ஜ் அம்மா அத்தையிடம் சொன்னாராம்.

"மேல் ரூம்ல வந்துகிறாங்களே, அவங்கதான் உன்னப் பாக்க வந்தவங்க. அவங்களுக்குத் தெரியாது. உங்க அண்ணங்கிட்ட சொன்னா உன்ன ரூமுக்குள்ள வெச்சுப் பூட்டிடுவாரு. நாளைக்கு நீ தலையக் குனிஞ்சிக்கினு அஞ்சு நிமிஷம் நிக்கப் போற. இன்னிக்குப் பூரா நிமிந்து நல்லாப் பாத்துக்கோ."

நான் வாளியோடு வந்தபோது அத்தையின் முகம் ஒரு மாதிரியாக இருந்தது. வேலை செய்யச் சொன்னதில் கோபம் என்று நினைத்தேன். எனக்கும் கோபம்தான். தங்க வந்தவளை அரிசி களையச் சொல்வது என்ன நியாயம்?

படாளத்துப் பெரியவர்களை லாட்ஜ் அம்மா கீழே இறங்கவே விடவில்லை. படி வழுக்குது, முட்டி போயிடும் என்று சொல்லிச் சாப்பாட்டை மேலேயே அனுப்பினார். அந்த மகனை மட்டும் விட்டுவைக்கவில்லை.

"நைனா, சும்மாதான கீற. தாழ்வாரத்துல ஓடு ஒழுவுது, வந்து பாரு."

அவர் உடனே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். மதுராந்தகத்தில் சைக்கிள் கடை வைத்திருப்பதாகச் சொன்னார். நகக்கண்ணில் கருப்பு மசகு இருந்தது. உடைந்த ஓட்டுக்கடியில் ஒரு தகரத் துண்டைச் செருக வேண்டும். ஸ்டூல் மேல் ஏறினார். எட்டவில்லை. நுனிக்காலில் நின்றார், ஒரு தடவை எம்பியும் பார்த்தார். ஸ்டூல்தான் ஆடியது. கீழே நாங்கள் மூன்று பெண்கள் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறோம். எனக்கே பாவமாக இருந்தது.

அவர் இறங்கி, அத்தையை அண்ணாந்து பார்த்துச் சிரித்தார். "எனக்கு எட்டாதுங்க. நீங்க ஏறினா சுளுவா முடிஞ்சிடும். நான் கெட்டியாப் புடிச்சிக்கிறேன்."

அத்தை இரண்டு விநாடி தயங்கினாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். அவள் தகரத்தைச் செருகி முடிக்கும்வரை அவர் ஸ்டூலின் இரண்டு காலையும் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி குந்தியிருந்தார். ஓட்டிலிருந்து வழிந்த தண்ணீர் அவர் தலையில் கொட்டியது. நகரவில்லை. அத்தை நிமிர்ந்து நிற்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். வீட்டில் எப்போதும் தோளைக் குறுக்கிக்கொண்டே நடப்பாள்.

மத்தியானம் அவர் எனக்குக் காகிதத்தில் கத்திக்கப்பல் செய்து கொடுத்தார். அந்த நன்றியில் எங்கள் வீட்டு ரகசியம் முழுவதையும் அவரிடம் கொட்டிவிட்டேன். நாளைக்குக் கோயிலில் அத்தையைப் பெண் பார்க்க வருகிறார்கள், இதற்கு முன்னால் நாலு பேர் உயரம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள், நாளைக்கு வருகிறவனும் போய்விட்டால் அடுத்த தடவை பெண் காட்டக் கன்னியாகுமரிக்குத்தான் போக வேண்டும் என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார், எல்லாம்.

அவர் கையிலிருந்த காகிதம் பாதி மடிப்பில் நின்றது. 

"உங்க அத்தைக்கு எந்த மாதிரி மாப்ள வேணுமாம்?"

"அது அப்பாவுக்குத்தான் தெரியும்" என்றேன்.

 சாயங்காலம் அவர் தலையை எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தார். மழைத்தண்ணீர்க் குடத்தை அத்தை தூக்கியபோது ஓடி வரவில்லை. அவள் பாட்டுக்குத் தூக்கட்டும் என்று விட்டுவிட்டு, கதவை மட்டும் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை வானம் வெளுத்துவிட்டது. அப்பாவுக்கு ஜுரம் இறங்கியிருந்தது. கிணற்றடியில் பல் தேய்க்கப் போனவர், மேல் அறைக்காரர்களைப் பார்த்து யாரோ என்று தலையை ஆட்டிவிட்டு வந்தார். அத்தைக்கு அம்மா மாம்பழ நிறப் பட்டுக் கட்டிவிட்டு, குதிகால் இல்லாத செருப்பாகத் தேடிக் கொடுத்து, "கொஞ்சம் வளைஞ்சாப்ல நில்லு" என்று வழக்கமாகச் சொல்வதைச் சொன்னாள். அத்தை தலையாட்டினாள்.

கோயிலுக்கு எதிரே நின்றவர்களைப் பார்த்ததும் அப்பா நடையை நிறுத்திவிட்டார். "நீங்க... மேல் ரூம்ல..." என்றார். அந்தப் பெரியவரும் எங்களைப் பார்த்து, "நீங்க... கீழ் ரூம்ல..." என்றார். இரண்டு குடும்பமும் ஒரே கூரையின் கீழ் ஒரு பகலும் ஓர் இரவும் கழித்துவிட்டு, ஒன்றையொன்று பார்க்க இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறது. அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

அத்தை வளையவில்லை. நேராக நின்றாள். படாளத்து அம்மாள் அவளை மேலிருந்து கீழாக, பிறகு கீழிருந்து மேலாகப் பார்த்துவிட்டு, "பொண்ணு நல்ல ஒசரம்" என்றார்.

முந்தைய நாலு பேரும் இந்த இடத்தில்தான் ஆரம்பித்தார்கள். அப்பாவின் கை மப்ளரைப் பிடித்துக்கொண்டது. பாறையில் ஓர் அலை வந்து அறைந்து திரும்பியது.

"தெரியும்மா" என்றார் மகன். "நேத்து ஸ்டூல நாந்தான புடிச்சிக்கினு இருந்தேன்."

அவருடைய அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்பாவுக்கும்தான். பெரியவர் மட்டும் காரியத்தில் கண்ணாக, "அதெல்லாம் இருக்கட்டும்டா. உனக்குப் புடிச்சிகீதா, இல்லியா?" என்று கேட்டார்.

"புடிச்சிருக்கு" என்றார். கடல் சத்தத்துக்காகச் சொன்னாரோ என்னவோ, கோயிலுக்கு வந்திருந்த நாலைந்து பேர் திரும்பிப் பார்க்கும்படி சொன்னார்.

அப்பா மப்ளரால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எங்கள் எல்லாருக்கும் பூரண சம்மதம் என்று சொல்லி, அந்தப் பெரியவரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அத்தை கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டு மணி பஸ்ஸுக்காக லாட்ஜுக்குத் திரும்பினோம். அப்பாவும் பெரியவரும் வாசலில் நின்று நிச்சயதார்த்தத் தேதி பேசினார்கள். அம்மாவும் படாளத்து அம்மாளும் இதற்குள் எப்படியோ உறவுமுறை கண்டுபிடித்துவிட்டார்கள். உள்ளே அறையில் அத்தை பெட்டியில் துணிகளை வைத்துக்கொண்டிருந்தாள். லாட்ஜ் அம்மா அடுத்து வருகிறவர்களுக்காகப் படுக்கை விரிப்பை மாற்ற வந்தார். விரிப்பின் ஒரு முனையை அத்தையிடம் கொடுத்து, மறு முனையைத் தான் பிடித்து இரண்டு பேரும் உதறி மடித்தார்கள். மடித்து முடித்து, இரண்டு முனைகளும் சேரும்படி கிட்டே வந்தபோது, லாட்ஜ் அம்மா தாழ்ந்த குரலில் கேட்டார்.

"இன்னாம்மா, உனக்குப் புடிச்சிருக்கா?"

எந்தக் கேள்விக்கும் முந்திக்கொண்டு பதில் சொல்லும் பழக்கம் எனக்கு அப்போது உண்டு. "கருவாட்டுக் கொழம்பு ரொம்பப் புடிச்சிருக்கு. குளிக்கிற ரூம்தான் நல்லால்ல" என்றேன்.

லாட்ஜ் அம்மா விரிப்பை அப்படியே மார்போடு அணைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அத்தையும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, கண்ணில் தண்ணீர் வர, அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், ஒரு தடவை இல்லை, இரண்டு மூன்று தடவை.

இரண்டு பெரிய பெண்களை இப்படிச் சிரிக்க வைத்துவிட்டோமே என்று எனக்கு ஒரே பெருமை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து செங்கல்பட்டு வரைக்கும் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அத்தை தலையை ஆட்டியது கருவாட்டுக் குழம்புக்குத்தான் என்று நினைத்திருந்தேன்.