கண்டல் நட்ட கரையும் ஓடப் பழக்க வந்த நானும்

சமூக ஊக்குவிப்பாளர் என்றால் என்ன வேலை என்பதை என் அம்மாவே கடைசிவரை விளங்கிக்கொள்ளவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் "மகள் கூட்டம் வைக்கிறாள்" என்று சொல்லிச் சமாளித்துவிடுவார். அதுவும் சரிதான். வீடு வீடாகப் போய் "மூன்று மணிக்குக் கூட்டம், கட்டாயம் வாங்க" என்று கெஞ்சிவிட்டு, ஐந்து மணிவரை வெறும் கதிரைகளோடு உட்கார்ந்திருந்த அனுபவம் உங்களுக்கும் உண்டென்றால், நீங்கள் என் இனம். கிட்ட வாருங்கள், சேர்ந்தே அழலாம்.

ரோல்ஸ் இல்லாத கூட்டம்

சுனாமிக்கு அடுத்த வருடம், எங்கள் தொண்டு நிறுவனத்தில் மட்டக்களப்புக் கல்லடியில் ஓர் ஒழுங்கையை, ஒரு சின்னத் தெருவை, என் பொறுப்பில் விட்டார்கள். ஒழுங்கையின் ஒரு முனை கடல் பக்கம், மறு முனை வாவி. அன்றைக்கு இரண்டு பக்கத்தாலும் தண்ணீர் ஏறின இடம். என் வேலை இரண்டு. வாவிக்கரையில் ஊராரைக் கொண்டு, அலையைத் தடுக்கிற கண்டல் மரம் நடவைப்பது ஒன்று. இன்னொரு தரம் எச்சரிக்கை வந்தால் எல்லாரும் பிரதான வீதியிலுள்ள பள்ளிக்கூடத்து மாடிக்கு ஒழுங்காகப் போய்ச் சேரப் பழக்குவது மற்றது.

அந்த நாட்களில் கல்லடியில் மின்கம்பத்துக்கு ஒரு நிறுவனம் இருந்தது. என் முதல் கூட்டத்தன்றே அடுத்த ஒழுங்கையில் வேறொரு நிறுவனத்தின் கூட்டம். அங்கே ரோல்ஸும் பால் தேநீரும், எங்களிடம் பிஸ்கட்டும் வெறும் தேநீரும். செய்தி பரவிய வேகத்தைப் பார்த்திருந்தால் எச்சரிக்கைக் கருவியே இந்த ஊருக்குத் தேவையில்லை என்று நீங்கள் முடிவு கட்டியிருப்பீர்கள். பத்து நிமிடத்தில் மண்டபம் ஏறக்குறைய வெறுமையாகிவிட்டது.

மிஞ்சினவர்களில் ஒருவர் புஸ்பம் அக்கா. வாவியோரத்துக் கடைசி வீட்டுக்காரி. சுனாமியில் கணவனையும் மூத்த மகளையும் பறிகொடுத்துவிட்டு, இளைய மகளோடு அதே வீட்டு வளவில் திரும்ப வந்து குடியிருந்தார். நான் சுவரில் வரைபடத்தை ஒட்டி, ஒழுங்கையைக் காட்டி, தண்ணீருக்குக் கிட்ட இருக்கிறவர்கள் முதலில் புறப்பட வேண்டும், ஆகவே நீங்கள்தான் அக்கா முதல் ஆள் என்று விளக்கினேன். அவர் பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்துக் கடித்துவிட்டுச் சொன்னார்: "செல்லடிக்கு ஓடினம், சுத்திவளைப்புக்கு ஓடினம், மறுகா சுனாமிக்கும் ஓடினம். இனி நீ வந்தா புள்ள எங்களுக்கு ஓடப் பழக்கப் போறாய்?"

காவலரண் அனுமதி

கண்டல் நட வேண்டிய கரையின் ஓரத்தில் ஓர் இராணுவக் காவலரண் இருந்தது. யுத்தம் திரும்பவும் சூடுபிடித்திருந்த காலம். நாங்கள் பத்துப் பதினைந்து பெண்கள் சேற்றில் இறங்கி, முருங்கைக்காய் மாதிரி நீளமான கண்டல் வித்துகளைக் குத்திக் கொண்டிருந்தபோது, காவலுக்கு நின்ற சிப்பாய் பதறிப்போய் ஓடி வந்தான். கரையில் எதைப் புதைத்தாலும் அவர்களுக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும்.

ஒரு வித்தை வாங்கி உருட்டிப் பார்த்தான். மோந்தும் பார்த்தான். இது வளர்ந்தால் தண்ணீரை மறைக்குமா என்று கேட்டான். மறைக்கும் என்று நான் உண்மையைச் சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்ற பெண்கள் என்னைப் பார்த்த பார்வையில் அந்த இடத்திலேயே நான் ஒரு வித்தாகப் புதைந்து போயிருப்பேன். எவ்வளவு காலத்தில் மறைக்கும் என்று அடுத்த கேள்வி. பத்து வருடமாவது போகும் என்றேன். அவன் முகம் தெளிந்தது. கொச்சைத் தமிழில் சொன்னான்: "அப்ப நல்லா நடுங்க. அது பெரிசு வாற நேரம் நான் ஊருக்குப் போய்க் கல்யாணம் முடிச்சிருக்கும்."

சீதனக் கண்டல்

நட்டுவிட்டால் போதாது, ஆடு தின்னும், விறகுக்கு வெட்டுவார்கள். அதற்காக ஒவ்வொரு குடும்பமும் தன் வளவுக்கு நேரே உள்ள கரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு விதி போட்டோம். கொழும்பிலிருந்த எங்கள் இணைப்பாளருக்கு அந்த விதி மிகவும் பிடித்துப் போயிற்று. மட்டக்களப்பில் வீடு வளவு எல்லாம் பெண் பிள்ளைக்குத்தான் போகும் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்த எனக்கும் அந்த நேரம் மூளை வேலை செய்யவில்லை.

ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால், கண்டல் கன்றுகள் நேர்கோட்டில் வேலி மாதிரி நிற்கின்றன. குறுக்கே கயிறு வேறு கட்டியிருக்கிறார்கள். வாவியில் இரவில் மீன்பிடிக்கப் போகிற தங்கராசா அண்ணனுக்கு மூன்று பெண் பிள்ளைகள். அவர் தன் கரையைப் பிள்ளைக்கு ஒன்றாக மூன்றாகப் பிரித்து, கடைக்குட்டிக்கு இடம் காணாதென்று சேற்றுக்குள்ளே இன்னும் கொஞ்சம் இறங்கி நட்டிருந்தார். இது அரசாங்கக் கரை அண்ணன், காணியாகாது என்று தொண்டை வற்றக் கத்தினேன். எங்கேயாவது ஓர் ஆடு கரைப்பக்கம் தலைகாட்டினால் ஒழுங்கையே பொல்லுத்தடியோடு திரண்டது. விறகுக்காரர்கள் வேறு கரை பார்த்துப் போனார்கள். மாவட்டத்திலேயே அதிகம் கன்று தப்பிய கரை எங்களுடையது என்று இணைப்பாளர் பாராட்டினார். பாராட்டை நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

அதோடு முடிந்ததா? மூத்த மகளுக்குச் சம்பந்தம் பேச வந்த தரகரிடம் தங்கராசா அண்ணன் சீதனத்தை வரிசையாகச் சொன்னதை நான் என் காதாலேயே கேட்டேன்: "வீடு, வளவு, கிணறு, அதுக்குப் புறகால ரெண்டு வரிசை கண்டல். மாப்பிளை வீட்டார் வந்து இறங்கிப் பாக்கட்டும், ஒண்டும் பட்டுப்போகல்ல."

ஒலிபெருக்கி யார் கையில்?

நிறுவனம் ஒழுங்கைக்கு ஒரு கைஒலிபெருக்கி கொடுத்தது. எச்சரிக்கை வந்தால் அதில் அறிவிக்க வேண்டும். அதை வைத்திருக்க ஓர் ஆளைத் தெரிவுசெய்யுங்கள் என்று நான் சொன்னதுதான் தாமதம், கூட்டத்தில் நெருப்புப் பிடித்தது. இங்கே எல்லாரும் தாய் வழியில் ஒவ்வொரு குடியைச் சேர்ந்தவர்கள். கோயிலில் ஒவ்வொரு குடிக்கும் ஒரு திருவிழா, ஒரு முறை, ஒரு மரியாதை இருக்கிறது. கோயிலில் முதல் மரியாதை எங்களுக்கு, ஆகவே ஒலிபெருக்கியும் எங்களுக்கு என்றார்கள் ஒரு குடியினர். கொடி பிடிக்கிற உரிமை எங்களுடையது, இதுவும் கையில் பிடிக்கிற சாமான்தானே என்றார்கள் மற்றக் குடியினர். திருவிழாவைப் போல ஆளுக்கொரு மாதம் முறை வைக்கலாம் என்று யாரோ சொல்ல, அப்படியென்றால் முதல் மாதம் யாருக்கு என்று மறுபடி தொடங்கிற்று.

கடைசியில் அதை றொனி அங்கிளிடம் கொடுத்தோம். அவர் ஐரோப்பிய வழிவந்த பறங்கியர், தச்சுவேலை செய்பவர். எந்தக் குடியிலும் சேராத ஒரே ஆள் என்பதுதான் அவருடைய தகுதி. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, ஒலிபெருக்கியிலேயே முதல் அறிவித்தலைச் செய்தார்: "சண்டை உங்கட கோயில்ல, வேலை வந்தது மாதா கோயில்காரனுக்கு. நல்லா இரிக்குங்க."

ஒத்திகை

ஒத்திகை நாளைக்குத் தெரியாத்தனமாக மதியச் சாப்பாடும் ஒழுங்கு செய்துவிட்டோம். பத்து மணிக்கு றொனி அங்கிள் அறிவிப்பார், உடனே எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும் என்பது திட்டம். அவர் ஒலிபெருக்கியைத் தூக்கிக்கொண்டு இறங்கினபோது ஒழுங்கையில் அறிவிப்பதற்கு ஆளே இல்லை. ஒன்பது மணிக்கே எல்லாரும் மாடியில் இடம் பிடித்திருந்தார்கள். பெண்கள் பட்டுச் சேலை. பனிச்சங்கேணியிலிருந்து வந்து தங்கியிருந்த சொந்தக்காரர்களும் ஆபத்திலிருந்து தப்பி வந்திருந்தார்கள். அறிவிப்பு வந்த பிறகல்லவா புறப்பட வேண்டும் என்று தங்கராசா அண்ணனின் மனைவியிடம் கேட்டேன். வெள்ளனே வந்தால்தானே உயிர் தப்பலாம் என்றார்.

அப்படியும் இரண்டு பேர் குறைந்தார்கள். எனக்கு யாரென்று தெரியும். ஒழுங்கையின் கடைசிவரை போனேன். புஸ்பம் அக்கா மீன் கழுவிக்கொண்டிருந்தார். மகள் பக்கத்தில் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். உங்களுக்காக இல்லாவிட்டாலும் இந்தப் பிள்ளைக்காக வாங்க அக்கா, தண்ணீர் ஏறினால் முதலில் மூடுகிற வீடு இது என்று கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னேன் என்று உறைத்தது. எனக்கு வந்தது கோபமில்லை, பயம். அந்த ஒரு வீட்டை நினைத்து நான் தூங்காமல் கிடந்த இரவுகள் உண்டு. இவர்கள் இரண்டு பேரையும் அசைக்க முடியாவிட்டால் நான் வைத்த அத்தனை கூட்டமும் எதற்கு? அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "சோறு மிஞ்சினாக் குடுத்தனுப்பு. முதலாப் போற வேலை எனக்கு வேணாங்கா."

பற்றரி

போர் முடிந்து, கரையிலிருந்த காவலரணையும் கழற்றிக்கொண்டு போன பிறகு, ஒரு நாள் பின்னேரம் உண்மையாகவே எச்சரிக்கை வந்தது. எங்கேயோ தூரத்துக் கடலில் பூமி அதிர்ந்திருக்கிறது, கரையோரத்தார் விலக வேண்டும் என்றார்கள். நான் ஒழுங்கையின் வாசலில் ஸ்கூட்டியை நிறுத்தினபோது, றொனி அங்கிள் சைக்கிளில் எதிரே வந்தார். ஒலிபெருக்கி வாயில் இருந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. அதற்குள்ளே பற்றரி இல்லை. ஆனாலும் பொறுப்பு பொறுப்புத்தான் என்று அந்தச் செத்த ஒலிபெருக்கியை வாயில் வைத்தபடியே, சொந்தத் தொண்டையால் "கடல் வருது, ஓடுங்க" என்று கத்திக்கொண்டு வந்தார்.

பற்றரி எங்கே அங்கிள் என்று நான் அந்த நேரத்திலும் சண்டைக்குப் போனேன், தொழில் புத்தி. மனிதர் சைக்கிளை விட்டு இறங்காமலே பதில் சொல்லிவிட்டுப் போனார்: "பற்றரி ரேடியோக்குள்ள இரிக்கு. அதுக்குள்ள இரிந்ததாலதான், மகள், எனக்குச் செய்தி கேட்டது. இதுக்குள்ள இரிந்திருந்தா நான் இந்நேரம் நித்திரை."

கடைசி ஆள்

பட்டுச் சேலை இல்லை, வரிசை இல்லை, நான் கீறின அம்புக்குறிகளை மிதித்துக்கொண்டு எல்லாரும் மாடிக்கு ஓடினார்கள். ஒருவர் கையில் சோற்றுப் பானை, ஒருவர் கக்கத்தில் சேவல். நான் தலைகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். தங்கராசா அண்ணனின் பிள்ளைகளோடு புஸ்பம் அக்காவின் மகளும் நின்றாள். அம்மா எங்கே என்று கேட்டேன். அம்மா என்னை இவர்களோடு முதலில் போகச் சொன்னா என்றாள். பிறகு எப்படி ஸ்கூட்டிக்கு வந்தேன், எப்படித் திருப்பினேன் என்று தெரியாது.

ஒழுங்கையில் நாய்கள் மட்டும் நின்றன. பாதி தூரத்தில் புஸ்பம் அக்காவைக் கண்டேன். ஒரு வீட்டுக்குள் போகிறார், ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார், பின் பக்கம் போய்ப் பார்க்கிறார், வெளியே வந்து வாசல் படலையைச் சாத்துகிறார், அடுத்த வீடு. அவருக்குப் பின்னால், இடுப்புச் சாரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண் முழிக்காத தங்கராசா அண்ணன் தள்ளாடிக்கொண்டு வருகிறார். இரவு முழுக்க வாவியில் வலை போட்டுவிட்டு வந்தவர், பின்புறக் குடிலில் தூங்கியிருக்கிறார். தோணியில்தான் நிற்கிறார் என்று நினைத்து வீட்டுக்காரர் எல்லாரும் ஓடிவிட்டார்கள். என்னுடைய எந்தத் திட்டத்திலும் பின்னேரம் தூங்குகிற ஆளுக்கு இடம் இருக்கவில்லை.

நான் புஸ்பம் அக்காவைத் திட்டினேன். வயதில் மூத்தவரென்றும் பார்க்காமல், அழுதுகொண்டே திட்டினேன். இத்தனை வருடமாக முதல் ஆளாகப் புறப்படுங்கள் என்று உங்களிடம்தானே கெஞ்சினேன், ஏன் அக்கா இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் கடைசிப் படலையையும் சாத்திவிட்டு, தங்கராசா அண்ணனை என் ஸ்கூட்டியில் ஏற்றிவிட்டு, அதன் பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். "அண்டைக்கு நான்தான் புள்ள முதலா ஓடினனான். சின்னவளைத் தூக்கிக்கிட்டு ஓடினன், மத்த ரெண்டு பேரும் பின்னால வாறாங்க எண்டு நினைச்சன். திரும்பிப் பாக்கக்குள்ள ஒருத்தரும் இல்ல. இனி எண்டைக்கும் நான் கடைசியாத்தான் வருவன்."

அன்றைக்குக் கடல் வரவில்லை, இருட்டுப்படும் நேரம் எல்லாரும் வீடு திரும்பினோம். திட்டத்தில் ஒரு வரிகூட நடக்காமல் ஒழுங்கை முழுவதும் ஒருவர் குறையாமல் மாடிக்கு வந்து சேர்ந்த அந்த நாளுக்கு, "பயிற்சி முழு வெற்றி" என்று தலைப்பிட்டு அறிக்கை எழுதிக் கொடுத்த வெட்கம் கெட்டவள் நான்தான்.