வின்னி சொல்லாத சொல்

சொந்தப் பல் உள்ள கிழவி ஒருத்தி வேண்டும் என்று கேட்டுக்கொண்டு எங்கள் ஊருக்கு வந்தவர் மிஸ்டர் எல்வின். பல்கலைக்கழகத்துக்காரர். ஊர் ஊராகப் போய்ப் பழைய சொற்களை எழுதிக்கொள்வது அவருடைய வேலை. அதற்குச் சம்பளமும் உண்டாம். ஆள் ஊரைவிட்டு வெளியே போகாதவராக இருக்க வேண்டும், பேச்சு தெளிவாக விழ வாயில் பல் இருக்க வேண்டும். இங்கிலாந்தில் எங்கள் டார்பிஷயர் நிலக்கரிச் சுரங்க ஊரில் அறுபதைத் தாண்டியும் பல்லோடு இருந்தவள் வின்னி ஆல்சப் ஒருத்திதான். என் அடுத்த வீட்டுக்காரி. எல்வின் என் முன்னறையில் தங்கியிருந்ததால் அவரை அவளிடம் கூட்டிக்கொண்டு போகும் வேலை என் தலையில் விழுந்தது.

அன்று காலை ரொட்டியில் மாட்டுக்கொழுப்பைத் தடவிக்கொண்டே எல்வின் உற்சாகமாகப் பேசினார்.

"இன்னைக்கு ஒரு சொல்லைத் தேடுறேன் மிஸஸ் ஹாலம். 'நெஷ்'. பக்கத்து ஊர்கள்ல எல்லாம் கிடைச்சிருச்சு. ஆயிரம் வருஷப் பழசு. அந்தக் காலத்துல மென்மைன்னுதான் அர்த்தம். இளங்கிளைக்குச் சொன்னாங்க, இளகின மனசுக்குச் சொன்னாங்க. அப்புறம் தேய்ஞ்சு தேய்ஞ்சு, குளிர் தாங்காதவன்னு ஆயிடுச்சு. ஆனா நான் அதை வாய்விட்டுக் கேட்கக் கூடாது. அவங்களாச் சொல்லணும். அதுதான் விதி."

மென்மையாவது மண்ணாங்கட்டியாவது. மே மாதத்தில் கோட்டுப் போடுகிறவன் எங்களுக்கு நெஷ். பனியில் கை விறைத்து அழும் பிள்ளை நெஷ். சுரங்கத்துக்கு ஒரு நாள் மட்டம் போட்டவன் எல்லாரையும்விடப் பெரிய நெஷ். அவன் பெண்டாட்டி கடைக்குப் போனால் மற்றவர்கள் பேச்சை நிறுத்திக்கொள்வார்கள். அந்தச் சொல்லுக்குப் பயந்த அளவுக்கு எங்கள் ஊர் ஆண்கள் சுரங்கக் கூரை இடிந்து விழுவதற்குக்கூடப் பயந்ததில்லை.

வின்னியிடம் இதைக் கேட்காதீர்கள் என்று அப்போதே அவரிடம் சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பார். காரணத்தைச் சொன்னால் என் பங்கையும் சொல்ல வேண்டியிருக்கும். வாயை மூடிக்கொண்டு தேநீர் ஊற்றினேன்.

வின்னி இந்த வரிசை வீட்டிலேயே பிறந்தவள். நாலு வீடு தள்ளி இருந்த ரூபன் ஆல்சப்பைக் கட்டிக்கொண்டாள். பிள்ளை இல்லை. வாய் மட்டும் உண்டு, தெரு முழுக்கக் கேட்கிற வாய். அவளுக்கு இருந்த ஒரே பெருமை, ரூபன் பதினெட்டு வருஷத்தில் ஒரு நாள்கூட வேலைக்குப் போகாமல் இருந்ததில்லை என்பது. ரூபன் அதிகம் பேசமாட்டான். வேலை முடிந்து வந்ததும் அடுப்புக்கு முன்னால் தகரத் தொட்டியில் உட்காருவான், வின்னி வெந்நீர் ஊற்றுவாள். தலை, கை, மார்பு, கால் எல்லாம் தேய்ப்பாள். முதுகை மட்டும் தொடமாட்டாள். முதுகைக் கழுவினால் எலும்பின் பலம் போய்விடும் என்று எங்கள் அப்பன் பாட்டன் காலத்திலிருந்து நம்பிக்கை. கிறிஸ்துமஸுக்கு ஒரு தடவை, அவ்வளவுதான். நானும் என் வீட்டுக்காரருக்கு அப்படித்தான் செய்தேன். கரிப் படலத்துக்கு மேலேயே சட்டையை மாட்டிக்கொண்டு போவார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றாம் வருஷம், ஜூன் மாதம். வெயில் சுட்டது. ரூபன் கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு அடுப்பை ஒட்டி உட்கார்ந்து நடுங்கினான். முதுகு வலிக்கிறது என்றான். எந்தச் சுரங்கக்காரனுக்கு முதுகு வலிக்காமல் இருந்தது? தாழ்ந்த கூரையில் உரசி உரசி எல்லார் முதுகும் புண்தான்.

"இன்னைக்கு ஒரு நாள் இருந்துக்கிறேன் வின்னி," என்றானாம்.

அவள் வாசலுக்கு வந்தாள். நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

"மேபல், வந்து பாரேன். ஊரே வெயில்ல வேகுது, என் புருஷன் குளிர் காயுறான். பதினெட்டு வருஷமா ஒரு நெஷ்ஷோடவா குடித்தனம் பண்ணியிருக்கேன்."

"என் சால்வை இருக்கு, எடுத்துட்டு வரட்டுமா ரூபன்?" என்றேன் நான். இரண்டு பேரும் சிரித்தோம்.

ரூபன் எங்கள் இருவரையும் பார்த்தான். குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்ட அவனுக்கு வெகுநேரம் பிடித்தது. சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு போனான்.

மத்தியானம் அவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் வெந்நீரால் முதுகைக் கழுவினாளாம். கரிக்கு அடியில் கைப்பிடி அளவுக்கு ஒரு கட்டி, பழுத்து, விஷம் ரத்தம் முழுக்க ஏறியிருந்தது. நடுங்கியது காய்ச்சலால். மூன்றாம் நாள் செத்துப்போனான்.

அதற்குப் பிறகு வின்னி தெருவில் ஒவ்வொரு வீடாக ஏறினாள். முதுகைத் தேய்ச்சுப் பாருங்கடி என்று கெஞ்சினாள். புருஷன் போனதில் புத்தி பிசகிவிட்டது என்று பேசிக்கொண்டோம். இப்போது சுரங்க வாசலிலேயே வெந்நீர்க் குளியலறை கட்டிவிட்டார்கள். ஒருவன் முதுகை ஒருவன் தேய்த்துவிடுகிறான். யாருடைய முதுகும் ஒடிந்து விழவில்லை.

அந்தச் சொல்லைத் தேடி எல்வின் அன்று நோட்டுப் புத்தகத்தோடு வின்னியின் அடுப்பங்கரையில் உட்கார்ந்தார். நான் ஜன்னலோரம். ஆட்டுக்குட்டிக்கு உங்க ஊர்ல என்ன பேர், வேலிக்கதவுக்கு என்ன பேர் என்று கேட்டார். வின்னி உற்சாகமாகவே சொல்லிக்கொண்டு வந்தாள். "இதுகூடத் தெரியாதா வாத்தே, உன்னைப் படிக்கவெச்சது வீண்தானா?" என்று கேலிகூடச் செய்தாள். எங்கள் ஊரில் பிரியமானவர்களை, குளத்து வாத்தைக் கூப்பிடுவதுபோல, 'வாத்தே' என்றுதான் கூப்பிடுவோம்.

பிறகு அவர் பக்கத்தைப் புரட்டினார்.

"எல்லாருக்கும் வெயில் தாங்கல. ஒருத்தர் மட்டும் அடுப்புப் பக்கத்துல நடுங்கிட்டு உட்கார்ந்திருக்கார். அவரை என்னன்னு சொல்லுவீங்க?"

வின்னியின் கை மடியில் அப்படியே நின்றுவிட்டது.

"உடம்பு சரியில்லாதவன்," என்றாள்.

"இல்ல இல்ல, வியாதி எதுவும் கிடையாது. சும்மாவே குளிர் தாங்க மாட்டார். அந்த மாதிரி ஆளுக்கு உங்க ஊர்ல ஒரு சொல்லு இருக்குமே."

"உடம்பு சரியில்லாதவன்."

அவளுக்குக் கேள்வி புரியவில்லை என்று நினைத்துவிட்டார், பாவம். என் பக்கம் திரும்பினார். "நீங்களாவது சொல்லுங்க மிஸஸ் ஹாலம். நீங்க அந்த ஆளை என்னன்னு கூப்பிடுவீங்க?"

அந்தச் சொல் என் நாக்கிலேயே இருந்தது. வின்னி என்னைப் பார்த்தாள்.

"உடம்பு சரியில்லாதவன்னுதான்," என்றேன். எல்வின் ஏமாற்றத்தோடு அதை எழுதிக்கொண்டார்.

"இப்ப சொல்றியே மேபல்," என்றாள் வின்னி.