அன்செல்மோவும் அடுத்த வீட்டுப் புல்லும்

‘களைத்த மண்ணுக்கு ஓய்வு தந்து, இழந்ததை மீட்டளித்த மேய்ச்சல் முன்னோடி.’ கம்பளிக் கூட்டுறவுச் சங்கம் அன்செல்மோ இதுர்ரியோஸுக்குக் கொடுத்த கேடயத்தில் இப்படித்தான் பொறித்திருக்கிறது. அதை ஜன்னலுக்கு மேலே மாட்டியிருக்கிறான். பொருத்தமான இடம், அந்த ஜன்னல் வழியாகத்தான் அவன் முன்னோடியானான்.

ஜன்னலில் தெரிவது எர்மீனியா ஞான்குஃபிலின் நிலம். நிலம் என்பது மரியாதைக்குச் சொல்வது. படகோனியாவின் இந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் அவளுடைய மாப்புச்சே பழங்குடி ஜனங்களிடம் இருந்தது. அன்செல்மோவின் தாத்தா போலீஸோடு வந்து முள்கம்பி கட்டினார். ஊற்றும் அதைச் சுற்றிய ஈரப்புல்வெளியும் வேலிக்குள் போயின. அவர்களுக்கு மிஞ்சியது கல்மேடு.

அந்தக் கல்மேட்டில் புல் செழித்தது. அன்செல்மோவின் சமவெளியோ வழுக்கை விழுந்துகொண்டிருந்தது. அவனுக்குத் தூக்கம் போயிற்று. தலைநகரிலிருந்து நிபுணரை வரவழைத்தான். அவர் சொன்னது எதுவும் பலிக்கவில்லை; அவர் போனதும் பைனாகுலரை எடுத்தான். அவள் மந்தையை எப்போது, எப்படி நகர்த்துகிறாள் என்று பார்த்து, மறுநாள் தன் மந்தையையும் அப்படியே நகர்த்தினான். புது மேய்ச்சலில் நுழையுமுன் அவள் தான் குடிக்கும் மத்தே மூலிகைத் தேநீரில் கொஞ்சம் தரையில் ஊற்றி, நிலத்துக்கு உடையவரான ஆவியிடம் அனுமதி கேட்பாள். இவனும் ஊற்றி முணுமுணுத்தான்.

“யார்கிட்ட பேசுற?” என்றாள் மனைவி நெலிதா.

“யார்கிட்டயும் இல்ல. மத்தே ஆறிப்போச்சு, கொட்டினேன்.”

“தெனமுமா ஆறுது?”

வேலியோரத்தில் மட்டும் எர்மீனியா ஆடுகளை விடவே மாட்டாள். அதில் ஏதோ சூட்சுமம் இருப்பதாக நம்பி, வேலிக்கு இந்தப் பக்கம் இருந்த ஈரப்புல்வெளியை அவனும் மேய்க்காமல் விட்டான். புல் இடுப்பளவு வளர்ந்தது. கேடயம் அதற்குத்தான்.

அந்தக் கோடையில் எர்மீனியாவின் ஓடை வற்றியது. அவள் வேலியருகே வந்து நின்றாள்.

“ஊத்துக்குப் போற வேலி வாயிலைத் தொறந்துவிடுங்க, டோன் அன்செல்மோ. ஆடு தண்ணியில்லாம நிக்குது.”

“அது ஓய்வுல இருக்கிற நெலம், டோன்யா எர்மீனியா. நீங்களும்தான் வேலியோரத்துக்கு ஓய்வு குடுக்குறீங்க.”

“ஓய்வா? உங்க கம்பியில மாட்டி என் குட்டிங்க செத்துச்சு. அதான் விடறதில்ல.” அவள் இடுப்பளவுப் புல்லைப் பார்த்தாள். “இதுக்கா கேடயம் குடுத்தாங்க?”

அவன் வீட்டுக்கு வந்துவிட்டான். தண்ணீரைப் பற்றி அவனுக்குக் கவலை இல்லை; ஊற்று வற்றாது. அவள் ஆடுகள் மிதித்துப் போன இடத்தில் புல் இன்னும் நன்றாக வந்துவிட்டால்? அதை ஊரே பார்த்துவிட்டால்?

“உன் புல்லு உன்னவிட்டுட்டு அவகூடப் போயிடும்னு பயமா?” என்றாள் நெலிதா. “ஆடு சாகப்போகுது, அன்செல்மோ. போய்த் தொற.”

போய்த் திறந்தான். எர்மீனியா மத்தேயை ஊற்றி அனுமதி கேட்டாள், அவனிடம் அல்ல. ஆடுகள் குடித்தன, மேய்ந்தன, எருவிட்டன. இலையுதிர்கால மழைக்குப் பிறகு அங்கே வந்த புல்லைப் பார்க்கப் பக்கத்துப் பண்ணைக்காரர்கள் வண்டியை நிறுத்தினார்கள். “எர்மீனியாவோட புல்லு,” என்று பேசிக்கொண்டார்கள். அது அவன் காதிலும் விழுந்தது.

அன்செல்மோ வாயிலை அந்த ஒரு கோடைக்குத்தான் திறந்துவைத்தான். பிறகு பூட்டினான். ஊற்று இன்னும் அவன் பெயரில்தான் இருக்கிறது.